பின்வாசல் இல்லாத வீடு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த தெருவில், மிலிட்டரிக்காரம்மா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காட்டிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். "புது வீட்டுச் சுவத்த ஆள் வெச்சு இடிச்சுதே, அந்தம்மாதானே?" என்று கேட்பார்கள். சிரிக்கட்டும், அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? உண்ணாமலையின் கதை தெரியாதவர்களுக்கு அது சிரிப்பான விஷயம்தான். தெரிந்தவர்கள் அந்த வீட்டுச் சமையலறையில் பின்வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள்.

உண்ணாமலை பிறந்தது அடி அண்ணாமலையில், மலையைச் சுற்றி வருகிற பாதையை ஒட்டிய வீட்டில். கார்த்திகை தீபம் வந்துவிட்டால் அது அவர்கள் வீடாகவே இருக்காது. கூடத்தில் சேலத்துக்காரர்கள் படுத்திருப்பார்கள், சமையல்கட்டில் காட்பாடிக்காரர்கள் உருண்டுகொண்டிருப்பார்கள். அவளுடைய அப்பா இராமலிங்கம் அப்படிப்பட்ட ஆள். ரயிலில் பார்த்தவன், ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன், மாட்டுச் சந்தையில் சண்டை போட்டவன் என்று ஒருத்தனை விடமாட்டார். "தீபத்துக்கு வாங்க, நம்ம வூட்லதான் தங்கணும்" என்பார். அவர்களும் வெட்கம் மானம் இல்லாமல் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். வீட்டுப் பெண்ணுக்குக் கிடைப்பது மாட்டுக்கொட்டகை ஓரம். அங்கேயும் யாராவது வந்து காலைத் தட்டுவார்கள்: "கொஞ்சம் நவுந்து படும்மா."

அப்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும். அதில் யாரும் வந்து நகர்ந்து படு என்று சொல்லக் கூடாது. நகை நட்டு, பட்டுப் புடவை எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு ஆசைதான், ஆனால் அது எலும்புக்குள் போன ஆசை.

1989இல், திருவண்ணாமலை தனி மாவட்டமான அதே வருஷம், அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சகாதேவன் பட்டாளத்தில் இருந்தான். நல்லவன், பேச்சு கம்மி, சிரித்தால் முகமே மாறிவிடும். வருஷத்துக்கு ஒரு லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் மாமியார் வீட்டில் உண்ணாமலை அடுத்தவர் அடுப்பில் சமைத்து, அடுத்தவர் பாயில் படுத்து எழுந்தாள். "எப்பங்க கூட்டிம்போவீங்க?" என்று கேட்டால் அவன் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "டர்ன் வரணும் உண்ணா. வீடு கம்மி, ஆள் ஜாஸ்தி. வரிசையில நம்ம டர்ன் வந்தாத்தான் குவாட்டர்ஸ்."

அந்த டர்ன் வந்தது அவனை அந்தமானுக்கு மாற்றிய பிறகுதான். சென்னையில் கப்பல் ஏறி, வாந்தி எடுத்து, குடலே வெளியே வந்துவிட்டதோ என்று பயந்து, ஒருவழியாக அவள் போர்ட் பிளேரில் இறங்கினாள். கரையிலிருந்து மிலிட்டரி லாரி மேட்டில் ஏறியது. சரிவில் வரிசையாகக் குவாட்டர்ஸ்கள் நின்றன. மரத்தூண்மேல் நிற்கிற பலகை வீடுகள், தலைக்குத் தகரம், பின்னால் கடல். வரிசையின் கடைசி வீட்டைச் சகாதேவன் திறந்துவிட்டான்.

உள்ளே போனவள் அசந்து நின்றாள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. சமையலறை அலமாரிக்கு யாரோ கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் கோலம் போல வெள்ளைப் புள்ளிகூட வைத்திருந்தார்கள். கூடத்து உத்தரத்தில் புது இரும்புக் கொக்கி, அதில் புதுக் கயிறு, தூளி கட்டத் தயாராக.

"ஏங்க, யாருங்க இப்படிப் பாத்துப் பாத்து செஞ்சு வெச்சிருக்காங்க?" என்றாள்.

"முன்ன இருந்தவன். மாத்தலாயிப் போய்ட்டான்" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டிகளை இறக்கப் போய்விட்டான். பால் காய்ச்சலாமா என்று கேட்டதற்கும் சிரித்தான். "கவர்மென்ட் வூட்டுக்கு எவன்டி பால் காய்ச்சுவான்? இன்னிக்கு நாம, நாளைக்கு வேற எவனோ." அவளுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் முதல் நாளே சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அந்தத் தீவில் சாயங்காலம் என்பதே கிடையாது. நம் ஊரில் மாடு வீடு திரும்புகிற நேரத்துக்கெல்லாம் அங்கே கன்னங்கரேலென்று இருட்டிவிடும். சகாதேவன் டூட்டிக்குப் போய்விட, அவள் தனியாக அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்வாசல் படியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"எக்கா, வீடு காலியாவுதா?"

அவளுக்குப் பயமே வரவில்லை. குவாட்டர்ஸ் வரிசையில் அது தினம் காதில் விழுகிற கேள்வி. டர்ன் கிடைக்காதவர்கள் ஊருக்குள் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, யாருக்கு மாற்றல், எந்த வீடு காலி என்று விசாரித்துக்கொண்டே திரிவார்கள். அவளுக்கு ஆச்சரியம் வேறு. அந்தக் குரல் நம் பக்கத்துக் குரலாக இருந்தது.

"இப்பத்தாம்மா வந்தோம். நீ எந்த ஊரு?"

"செங்கம் பக்கம்கா."

"அட, நம்ம ஊரு! நான் அடி அண்ணாமலை. வா உள்ள, டீ குடி."

விளக்கு வெளிச்சம் படிவரை சரியாக எட்டவில்லை. புடவைக் கரையில் மாங்காய் போட்டிருப்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் ஏறி வரவில்லை. "பால் காய்ச்சாம எப்படிக்கா உள்ள வர்றது?" என்றாள். உண்ணாமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார், ஊர்ப்பக்கத்துப் பொம்பளைக்குத் தெரிகிறது, இந்த ஆளுக்குத் தெரியவில்லையே! டீயைப் படியில் வைத்தாள். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். செங்கத்துச் சந்தை, தென்பெண்ணையில் வந்த வெள்ளம், கோயில் கூட்டம் என்று பேச்சு ஓடியது. போகும்போது அவள் கேட்டாள்: "உத்தரத்துல கொக்கி கெட்டியா இருக்குதாக்கா?"

"இருக்குதே, நல்லா கெட்டியா இருக்குது" என்றாள் உண்ணாமலை.

காலையில் டீ அப்படியே இருந்தது. படி மட்டும் நனைந்திருந்தது. ராத்திரி மழை பெய்யவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இப்படிப் பல நாள் நடந்தது. உள்ளே வர மாட்டாள், டீயைத் தொட மாட்டாள், முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டாள். ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் பேச்சுவாக்கில் உண்ணாமலை இதைச் சொன்னாள். ஜோதியம்மாள் வேலூர்ப் பக்கத்துக்காரி, ரொம்ப நாளாக அந்த வரிசையில் இருப்பவள், வாய் ஓயாதவள். அன்றைக்கு அந்த வாய் நின்றுவிட்டது.

"செங்கமா சொன்னா? மாங்காக்கர போட்ட பொடவையா?"

"ஆமாங்கா. பேரு கேக்க மறந்துட்டேன்."

"கன்னியம்மாடி அது" என்று ஜோதியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "செத்துப் போயி இன்னும் வருஷம் திரும்பல."

பிறகு அவள் சொன்னது இதுதான். உண்ணாமலைக்கு முன்னால் அந்த வீடு ஒதுக்கப்பட்டது காசி என்கிற பையனுக்கு. புதுக் கல்யாணம், பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருந்தாள். டர்ன் வந்ததும் அந்தப் பையன் தலைகால் புரியாமல் ஆடினான். தானே சுண்ணாம்பு அடித்தான், அலமாரிக்குப் பெயின்ட் அடித்தான், தூளிக்குக் கொக்கி போட்டான். ஒவ்வொன்றையும் கடிதத்தில் அவளுக்கு எழுதினான். அவள் கப்பல் ஏறினாள். நடுக்கடலில் காய்ச்சல் கண்டு, கரை தெரிகிற அன்றைக்கு உயிர் போய்விட்டது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு தடவை அவள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று காசி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பால் காய்ச்சாத வீட்டுக்குள் பிணத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கிருந்த நம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் தடுத்துவிட்டார்கள். கப்பல் துறையிலிருந்து நேராகச் சுடுகாடு. காசி சாவியைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"கேட்டா பதில் சொல்லு, தப்பில்ல. உள்ள மட்டும் கூப்ட்றாத" என்றாள் ஜோதியம்மாள். "வந்தான்னா போவ மாட்டா. அப்புறம் அது உன் வூடு இல்ல."

அன்று சாயங்காலம் உண்ணாமலை பின்கதவைத் தாழ் போட்டு, முக்காலியை முட்டுக் கொடுத்து, கணவனின் பட்டாளக் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் வந்தது. கதவைத் தட்டவில்லை, அழவில்லை, கோபப்படவில்லை. "எக்கா, வீடு காலியாவுதா?" என்று ஒரு தடவை கேட்டது. பதில் இல்லை என்றதும், "சரிக்கா, அப்புறமா வர்றேன்" என்றது. அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சகாதேவனிடம் சொன்னாள். அவனுக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "சொன்னா நீ வருவியா? வுட்டா அடுத்த டர்ன் எப்பவோ" என்றான். அவனை என்ன சொல்வது?

மனுஷ ஜென்மம் எதற்கும் பழகிவிடும். உண்ணாமலையும் பழகினாள். அடுத்த வருஷம் கீர்த்தனா பிறந்தாள். காசி போட்ட கொக்கியில்தான் அவளுக்குத் தூளி கட்டினார்கள். பிள்ளை வீறிட்டு அழுது அடங்காத சாயங்காலங்களில், கதவுக்கு வெளியே யாரோ மெல்ல ஆராரோ சொல்வது கேட்கும். தூளி தானாக ஆடும், காற்றே இல்லாதபோதும் ஆடும். பிள்ளையும் தூங்கிவிடும். உண்ணாமலை சுவரோரம் ஒட்டிக்கொண்டு, ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கலாமா கூடாதா என்று தவிப்பாள். இன்னொருத்தியின் பிள்ளைக்குப் போட்ட கொக்கியில் தன் பிள்ளை தூங்குகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்புறம் மாற்றல் வந்தது. குவாட்டர்ஸைக் காலி செய்வது சாதாரண வேலை இல்லை. பல்பு, குழாய், கண்ணாடி என்று எல்லாம் வந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைக்க வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நீ அங்கே வாழ்ந்தாய் என்பதற்கு ஒரு தடம் இருக்கக் கூடாது. அடுத்த குடும்பம் அதற்குள் பெட்டியோடு முன்வாசலில் வந்து நிற்கும்.

அன்றைக்கும் நின்றது. யாரோ ஒரு பஞ்சாபிப் பெண், இடுப்பில் குழந்தை. உண்ணாமலை வரிசையில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் யார் மகள்? வாய் சும்மா இருக்குமா? ஜோதியம்மாளிடம், பஞ்சாபிக்காரியிடம், தண்ணீர் லாரி ஓட்டுகிறவனிடம்கூடச் சொல்லிவிட்டாள்: "தீபத்துக்கு வாங்க, நம்ம வூட்லதான் தங்கணும்." கடைசியாகப் பின்கதவைச் சாத்தப் போனாள். இருட்டுகிற நேரம். படி நனைந்திருந்தது.

"எக்கா, வீடு காலியாவுதா?"

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "ஆவுதும்மா. ஆனா வேற ஆளு வந்துட்டாங்க."

கன்னியம்மாளின் பெயர் எந்த வரிசையிலும் கிடையாது, அவளுக்கு என்றைக்கும் டர்ன் வராது என்பது உண்ணாமலைக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. மனசு கரைந்துவிட்டது. மனசு கரைந்தால் நாக்கு சும்மா இருக்குமா, அது தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"எங்க ஊருக்குத் தீபத்துக்கு வாம்மா. நம்ம வூட்லதான் தங்கணும்."

சொன்ன மாத்திரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடிப்பாவி, யாரைக் கூப்பிட்டோம்!

"வீடு இருக்குதாக்கா?" என்றது குரல்.

"இனிமேத்தான் கட்டணும்."

"கட்டுனதும் வர்றேன்கா."

அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் கப்பல் ஏறினாள். சகாதேவன் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்து, வேங்கிக்காலில் மனை வாங்கி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றைக்கும் அதே வார்த்தைதான் காதில் ஒலித்தது. வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்ட வீடு. அஸ்திவாரத்துக்குக் கல் இறங்கும்போது அழுகை வருகிறது, கூடவே பயமும் வருகிறது. கட்டுனதும் வர்றேன்கா.

மேஸ்திரி சுப்பன் சமையலறைச் சுவருக்கு நூல் பிடித்தபோது அவள் போய் நின்றாள். "பின்வாசல் வேணாம் மேஸ்திரி."

"இன்னாம்மா சொல்ற? பின்வாசல் இல்லாம வூடா? காத்து எப்படிப் போவும்? பாத்திரம் எங்க கழுவுவ?"

"முன்னால கழுவிக்கிறேன். சுவரா எழுப்பிடு."

சுப்பன் சகாதேவனிடம் போய் முறையிட்டான். சகாதேவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான். "அது சொல்ற மாதிரியே கட்டிடு" என்றான். தெருவே சிரித்தது. பின்னால் ஜன்னல்கூட இல்லாமல் மொத்தமாக எழும்பிய சுவரைப் பார்த்து, மிலிட்டரிக்காரர் வீட்டில் குண்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

2000ஆம் வருஷம் கார்த்திகையில், தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். செங்கல் வைத்து, புதுப் பானையில் பால் ஊற்றி, உண்ணாமலை கையால் தீ மூட்டினாள். தீ நன்றாகப் பிடித்தது. பால் கொதித்தது, ஆவி பறந்தது, ஏடு கட்டியது. ஆனால் பொங்கவில்லை. சுற்றி நின்ற பெண்கள் பொங்கலோ என்று சொல்ல வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்கள். விறகு தீர்ந்ததுதான் மிச்சம். "பாக்கெட் பால் அப்படித்தான்" என்று சகாதேவன் சமாளித்தான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சமையலறைப் பின்சுவரில் ஈரம் தெரிந்தது. அதற்கு மறுநாள் அது வளர்ந்து ஆள் உயரத்துக்கு வந்தது. பக்கவாட்டில் இரண்டு கோடு, மேலே ஒரு கோடு. நிலை வைத்த வாசல் போலவே இருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுப்பனை வரவழைத்தார்கள். அவன் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான், கடைசியில் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் கோணிக்கொண்டது.

"எம்மா, நான் சுவத்துக்கு ஊத்துனது உங்க போர்த் தண்ணி. இது கடல் தண்ணிம்மா. மெட்ராசுல வேல செய்யறப்ப அலையில வுழுந்து குடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு ஏதும்மா கடல்?"

அவன் கூலிகூடக் கேட்காமல் போனான். விளக்கு வைத்த நேரம். உண்ணாமலை தனியாக அடுப்பின் முன் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கல்லும் சிமென்ட்டும் தாண்டி, மெதுவாகக் குரல் வந்தது.

"எக்கா, வழி எங்கக்கா?"

அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அப்படியே சுவரைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்து, வாசலுக்கு வந்து, தெருவில் போய் நின்றுகொண்டாள். சொந்த வீட்டுக்குள் போகப் பயந்து, விளக்குக் கம்பத்தடியில், கணவன் வருகிறவரை நின்றாள். இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தாள்?

சகாதேவன் ஒரு முடிவோடு வந்தான். பேய்க்குக் கட்டுக் கட்டுகிற ஒரு ஆளைப் பார்த்துப் பேசியிருந்தான். "தீபத்தன்னிக்கே வர்றாராம். அந்தச் சுவத்துல ஆணி அடிச்சுட்டா அப்படியே நின்னுடுமாம். உள்ளயும் வராது, எங்கயும் போவாது. பேஜாரு வுட்டுது."

"எங்கயும் போவாதா?"

"அப்படியே கட்டிப்புடுவாராம்."

உண்ணாமலை, சுவருக்குள்ளே, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், காலம் முழுக்க நிற்கிறவளை நினைத்தாள். அவள் என்ன கேட்டாள்? உயிரைக் கேட்டாளா, பிள்ளையைக் கேட்டாளா? கூப்பிட்டார்கள், வந்தாள், வழி கேட்டாள். அவள் புருஷன் போட்ட கொக்கியில் தன் மகளைத் தூங்க வைத்துவிட்டு, அவளுக்கு ஆணி அடிப்பதா? இராமலிங்கத்தின் வீட்டில் யாரையும் வாசலோடு திருப்பி அனுப்பியது கிடையாது. ஆனால் உள்ளே விட்டால்? வந்தால் போக மாட்டாள், அப்புறம் அது உன் வீடு இல்லை என்று ஜோதியம்மாள் சொன்னாளே.

தீபத்தன்று காலையில் எழுந்தவள் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, நேராகப் போய்ச் சுப்பனைக் கையோடு அழைத்து வந்தாள். "அந்த ஈரம் இருக்குற அளவுக்கு இடிச்சுடு" என்றாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்று சகாதேவன் கத்தினான். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. "ரத்தத்த வித்துக் கட்டுன வூடுடி!"

"நான்தாங்க கூப்ட்டேன். கூப்ட்டது நானு, கதவ அடச்சதும் நானு. அந்த ஆணி அடிக்கிற ஆள வர வேணாம்னு சொல்லிடுங்க."

கடப்பாரை விழுகிற சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சகாதேவன் அவமானம் தாங்காமல் கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு தீபம் பார்க்கக் கிளம்பிவிட்டான். சாயங்காலத்துக்குள் சுவரில் ஒரு வாசல் இருந்தது. கதவில்லை, நிலையில்லை, வெறும் வாய். சுப்பன் சட்டியைக் கழுவிக்கூட வைக்காமல் கிளம்பினான்.

ஊர் முழுக்க மலை உச்சியைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தி நிற்கிற நேரம் அது. அன்றைக்கு அந்த நேரத்தில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரே ஆள் உண்ணாமலைதான். இடித்த வாசலுக்கு எதிரே அடுப்பில் புதுப் பானையை ஏற்றிப் பால் ஊற்றினாள். தீ மூட்டினாள். வெளியே இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வா கன்னியம்மா" என்றாள். முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னாள். "வீடு கட்டிட்டேன்."

மலையில் தீபம் ஏறியது. "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஊரே எழுப்பிய சத்தம் சுவரில் வந்து மோதியது. அந்த நொடியில் பால் பொங்கியது. விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிந்து, தரையெல்லாம் ஓடியது. உண்ணாமலை ஒரு டம்ளரில் ஊற்றி வாசலுக்கு உட்புறம் வைத்தாள். நிமிர்ந்து அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். டம்ளர் காலியாக இருந்தது.

தரையில் ஈரக்கால் தடம் விழுந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. சமையலறை அலமாரி முன்னால் நின்றது. கூடத்துக்குப் போனது, நடுவில் நின்று மேலே பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் தாமதித்தது. படுக்கையறைக்குப் போனது, திரும்பி வந்தது. புது வீட்டுக்கு வந்த எந்தப் பெண்ணும் சுற்றிப் பார்ப்பாளே, அப்படித்தான். உப்பு வாடை வீடெல்லாம் பரவியது. உண்ணாமலை இடத்தைவிட்டு அசையவில்லை, அசைய அவளால் முடியவும் இல்லை.

காதோரத்தில், முதல் தடவையாக வீட்டுக்குள்ளிருந்து, அந்தக் குரல் கேட்டது.

"நல்லா இருக்குதுக்கா வீடு."

உண்ணாமலைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அப்பாடா, வீட்டைப் பார்க்கத்தானே வந்தாள், என்று மனசின் பாரம் இறங்கியது.

"நீங்க எப்பக்கா காலி பண்றீங்க?"

எந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்கக் கூடாது என்று இந்த வீட்டைக் கட்டினாளோ, அதே கேள்வி. இது என் வீடுடி, போடி வெளியே என்று கத்த வாய் எடுத்தாள். ஆனால் அந்தக் குரலில் கெடுதல் இல்லை, அவசரமும் இல்லை. வரிசையில் நிற்கிறவள் முன்னால் நிற்பவளைக் கேட்கிறாள், அவ்வளவுதான். சிமென்ட்டில் கட்டினால் மட்டும் காலி பண்ணாமல் இருந்துவிட முடியுமா? பல்பையும் குழாயையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, தடம் இல்லாமல் துடைத்துவிட்டு, அவளும் ஒருநாள் படி இறங்கத்தான் வேண்டும்.

அடுப்பில் தீ அடங்கியது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் டர்ன் வரட்டும்மா" என்றாள். "வந்ததும் போய்டறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருப்போம். நான் கொஞ்சம் நவுந்து படுத்துக்கறேன்."

"சரிக்கா" என்றது குரல்.

முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சகாதேவன் தூங்கி விழுகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். கோபம் தணிந்திருந்தது. இடித்த சுவரையும், தரையில் காய்ந்துகொண்டிருக்கிற காலடிகளையும் பார்த்தான். அவை வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

"யாரு கூடப் பேசிக்கினு இருந்த?" என்று மெல்லக் கேட்டான்.

"தீபத்துக்கு வந்திருக்காங்க" என்றாள்.

"தங்குறாங்களா?"

"தங்குறாங்க" என்று சொல்லிவிட்டு, அரிசிப் பானையில் கைவிட்டு இன்னொரு பிடி அரிசியைச் சேர்த்து எடுத்தாள்.